கப்பலா, தரைவழியா? விலைப்பட்டியலை மூடிவிட்டு வரைபடத்தைத் திறப்போம்



கப்பல் பயணம் என்றதும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களில் மூத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரஜூலாதான். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய அந்தக் கப்பலில், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் சிங்கப்பூரிலும் வந்து இறங்கினார்கள். பின்னர் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தும் நின்றுபோனது. அன்றைக்குக் கப்பலா, வேறு வழியா என்ற கேள்விக்கே இடமில்லை. சாதாரணக் குடும்பங்களுக்குக் கடலைக் கடக்க இருந்த வழி அது ஒன்றுதான்.

இன்று நிலைமை வேறு. நான்கு மணி நேரத்தில் விமானம் சென்னையில் இறக்கிவிடுகிறது. இன்றைய உல்லாசக் கப்பல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக ஓடுவதில்லை. அது ஒரு மிதக்கும் தங்குவிடுதி. அறை, சாப்பாடு, நீச்சல் குளம், இரவுக் கலைநிகழ்ச்சி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. போகும் வழியில் சில ஊர்களையும் காட்டுகிறது.

ஆகவே விடுமுறைக்குத் திட்டமிடும் ஒவ்வொரு குடும்பத்திலும் இன்று இந்தக் கேள்வி எழுகிறது. கப்பலில் போவதா, விமானத்தில் போய் இறங்கித் தரைவழியே சுற்றுவதா? பெரும்பாலோர் விளம்பரத்தில் உள்ள விலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஏழு இரவுக்கு இவ்வளவுதானா என்று கணக்குப் போட்டுப் பதிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை. எந்த ஊருக்கு எந்த வழி பொருந்தும் என்பதை அந்த ஊரின் இருப்பிடமே சொல்லிவிடும்.

கடல் சாலையா, வாசலா?

ஓர் ஊருக்குக் கடல் இரண்டு விதமாக அமையலாம். சில இடங்களில் கடலே சாலை. பார்க்க வேண்டிய மலையும் பனியும் ஊரும் நீரோரத்திலேயே வரிசையாக இருக்கும். வேறு சில இடங்களில் கடல் வெறும் வாசல். கப்பல் வாசலில் இறக்கிவிடும். பார்க்க வந்தது அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்.

கடல் சாலையாக உள்ள இடத்துக்குக் கப்பல் பொருந்தும். கடல் வாசலாக மட்டும் உள்ள இடத்துக்குத் தரைவழியே நல்லது. கேட்பதற்கு எளிய விதிதான். இதைக் கவனிக்காததால் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவழித்தும், போன ஊரைப் பார்க்காமல் திரும்பும் குடும்பங்கள் உண்டு.

சாலை இல்லாத தலைநகரம்

இரண்டு வகையும் ஒரே மாநிலத்தில் அமைந்திருப்பது அலாஸ்காவில். அமெரிக்காவின் ஆகப் பெரிய மாநிலம் அது. பரப்பளவு ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரின் ஜூன் விடுமுறை அலாஸ்காவின் கோடைப் பருவத்தோடு ஒத்துப்போவதால், இங்கிருந்து போக நினைப்போருக்கும் அது வசதியான காலம்.

அலாஸ்காவின் தலைநகர் ஜூனோ. அந்த நகருக்கு வெளியிலிருந்து காரில் போக முடியாது. சுற்றிலும் மலையும் பனிவெளியும் கடலும் இருப்பதால், கண்டத்தின் மற்றப் பகுதிகளோடு அதை இணைக்கும் சாலையே இல்லை. விமானத்தில் போகலாம்; இல்லையென்றால் கப்பலில் போகலாம். கெட்சிகன் நகரின் நிலையும் அதுதான். அது தீவில் இருக்கிறது. அதன் விமான நிலையமோ பக்கத்துத் தீவில் இருக்கிறது.

இந்த ஊர்களை இணைப்பது இன்சைட் பேசேஜ் என்ற கடல்வழி. நூற்றுக்கணக்கான தீவுகள் இருபுறமும் அரணாக நிற்க, நடுவே செல்லும் நீர்ப்பாதை அது. தீவுகள் பேரலையைத் தடுப்பதால் கப்பல் பெரும்பாலும் அதிகம் ஆடாமல் போகும். கோடையில் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் இந்த நீருக்குத்தான் இரை தேடி வருகின்றன.

இதன் உச்சம் கிளேசியர் பே தேசியப் பூங்கா. மலையிலிருந்து ஆறுபோல் மெல்ல இறங்கிவரும் பனிக்கட்டிக்குப் பனியாறு என்று பெயர். அங்கே சில பனியாறுகள் நேரே கடலில் வந்து முடிகின்றன. கரையோரப் பனிச்சுவரிலிருந்து பாளம் உடைந்து நீரில் விழும்போது இடி இடித்ததுபோல் சத்தம் எழும். 1794இல் வான்கூவரின் கடற்பயணக் குழு அந்தப் பக்கம் வந்தபோது, அங்கே இவ்வளவு பெரிய விரிகுடாவே இல்லை, பனி அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பனி 100 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. இன்று கப்பல் செல்லும் நீர்ப்பரப்பு முழுவதும் ஒரு காலத்தில் பனியாக இருந்தது.

அந்தப் பூங்காவுக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. பூங்கா அதிகாரிகள் கப்பலில் ஏறி வந்து பயணிகளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். கப்பல் எங்கும் கரையணைவதில்லை, யாரும் இறங்குவதுமில்லை. மேல்தளத்திலிருந்தோ அறை மாடத்திலிருந்தோ பார்க்கலாம். விமானத்தில் போகிறவரும் ஜூனோவிலிருந்து சிறு விமானம் பிடித்து கஸ்டேவஸ் என்ற சிற்றூரில் இறங்கி, கடைசியில் ஒரு படகில்தான் பனியாற்றைப் பார்க்கப் போக வேண்டும். எந்த வழியில் போனாலும் முடிவது கடலில்தான். இங்கே கடல் சாலை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலாஸ்கா போகும் எல்லாக் கப்பலும் கிளேசியர் பேக்குள் போவதில்லை. பயணத்திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்வது நல்லது. எங்கிருந்து புறப்படுகிறது என்பதும் முக்கியம். வான்கூவரில் புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் தீவுகளுக்கு இடையே போகின்றன. சியேட்டலில் புறப்படும் பல கப்பல்கள் வான்கூவர் தீவின் மேற்கே திறந்த கடலில் போவதால் ஆட்டம் கூடுதலாக இருக்கலாம். தலைசுற்றலுக்குப் பயப்படுவோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையாகக் கேட்பது உதவும்.

கப்பல் எட்டாத மலை

அதே அலாஸ்காவில்தான் டெனாலி இருக்கிறது. 6,190 மீட்டர் உயரமுள்ள அது வட அமெரிக்காவின் ஆக உயரமான சிகரம். அது கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. ஆங்கரேஜ் நகரிலிருந்து தேசியப் பூங்காவின் வாசலுக்கே சுமார் 380 கிலோமீட்டர். ரயிலில் போனால் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும்.

போய்ச் சேர்ந்தாலும் சிகரம் உடனே காட்சி தராது. பல நாள் மேகம் மூடியே இருக்கும். ஓர் இரவு, இரண்டு இரவு தங்கிக் காத்திருப்பவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். மாலை 5 மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டியவரால் அப்படிக் காத்திருக்க முடியாது. கரடியையும் மூஸ் மானையும் காட்டில் தேடிப் பார்க்க விரும்புவோருக்கும் இதே பதில்தான். அதற்குத் தரைவழிதான் சரி.

இரண்டும் வேண்டும் என்போருக்கு நடுவழி ஒன்று உண்டு. வான்கூவரில் ஏறி, ஒருவழிப் பயணமாக வடக்கே போய், சீவர்ட் அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ ஆங்கரேஜுக்கும் டெனாலிக்கும் போகலாம். கரையோரத்துக்குக் கப்பல், உள்நாட்டுக்கு ரயில். நாளும் பணமும் கூடுதலாகும். பயணம் நிறைவாக இருக்கும்.

கப்பல் என்றால் உல்லாசக் கப்பல் மட்டும்தான் என்றும் இல்லை. அலாஸ்கா மாநில அரசின் பயணப் படகுச் சேவை 1963 முதல் அந்தக் கரையோர ஊர்களுக்கு ஓடுகிறது. காரையும் ஏற்றிக்கொள்ளலாம். ஓர் ஊரில் இறங்கி, இரண்டு நாள் தங்கி, அடுத்த படகைப் பிடிக்க விரும்பும் இளையர்களுக்கு அது ஏற்றது.

பேங்காக்கில் நான்கு மணி நேரம்

அலாஸ்கா தூரத்து ஊர். பக்கத்து ஊர்களையும் இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்துக்குப் போகும் கப்பலின் பயணத்திட்டத்தில் பேங்காக் என்று இருக்கும். பெரிய கப்பல்கள் நிற்பது லேம் சாபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பேங்காக் 120 கிலோமீட்டருக்கு மேல். காலை 8 மணிக்குக் கப்பல் கரையணைந்து, மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பத்து மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். இறங்கிப் பேருந்தில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். போக இரண்டு, வர இரண்டு. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கப்பலில் இருக்க வேண்டும். மிஞ்சுவது நான்கு மணி நேரம். மதியச் சாப்பாடும் அதற்குள்தான்.

பேங்காக்கின் அழகோ மாலைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரவுச் சந்தை, ஆற்றங்கரை விளக்குகள், சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில், நவராத்திரி முடிவில் அங்கே இரவில் நடக்கும் ஊர்வலம், இவை எதையும் மாலை 6 மணிக் கப்பலில் போகிறவர் பார்க்க முடியாது. சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊர் அது. இரவு அங்கேயே நிற்கும் கப்பலாக இருந்தால் கணக்குச் சற்று மாறும். இல்லையென்றால் விமானம்தான் சரி.

பினாங்கு இதற்கு நேர்மாறு. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் சற்று நடந்தால் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும். 2008இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதி கால்நடையாகவே எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் ஏழெட்டு மணி நேரமும் ஊருக்குள்ளேயே கழியும். பினாங்கு மலையும் வேண்டும், இரவு உணவுக் கடைகளும் வேண்டும் என்போர் மட்டும் தரைவழியே போய் இரண்டு நாள் தங்கலாம்.

சீட்டில் ஒரு பெயர், இறங்குவது வேறு இடம்

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரோம் என்று போட்டிருக்கும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து ஏறத்தாழ 70, 80 கிலோமீட்டர். ஃபுளோரன்ஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் லிவோர்னோ துறைமுகம்.

வெனிசின் கதை தனி. கப்பலிலிருந்தபடியே அந்த நகரைப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைவது ஒரு காலத்தில் பெரிய ஈர்ப்பாக இருந்தது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் மையத்தை ஒட்டிய கால்வாயில் வருவதற்கு இத்தாலிய அரசாங்கம் 2021 ஆகஸ்டில் தடை விதித்தது. இப்போது பெரிய கப்பல்கள் மார்கேரா தொழில்துறைப் பகுதியிலோ, ட்ரியெஸ்ட், ரவென்னா போன்ற வேறு ஊர்களிலோ நிற்கின்றன. பழைய படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சீட்டு வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ஊரின் பெயரைப் பார்த்தால் போதாது; துறைமுகத்தின் பெயரைக் கேட்டு, தூரத்தையும் பார்க்க வேண்டும்.

பெரிய கப்பலும் வேண்டாம், சாலையும் போதாது என்ற இடங்களும் உண்டு. வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவில் ஏறத்தாழ 1,600 சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் இருக்கின்றன. கரையில் நின்று பார்த்தால் அதன் அழகு பிடிபடாது. ஹனோய்க்கு விமானத்தில் போய், சாலை வழியாக ஹாலோங் சென்று, அங்கே ஓர் இரவு சிறு கப்பலில் தங்குவதே ஏற்ற வழி. வானிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் அங்கே திடீர்ப் புயல்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர்.

உடன் வருபவர் யார்?

வரைபடம் பாதிப் பதிலைச் சொல்லும். மீதியைச் சொல்வது குடும்பம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாமியாருக்கு 74 வயது. முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியாது. பேரப்பிள்ளைகள் இருவர், ஒருவருக்கு ஆறு வயது. மகனுக்கும் மருமகளுக்கும் பத்து நாள்தான் விடுப்பு. “பனிமலையை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா போதும்மா” என்கிறார் மாமியார். “நீங்க கவலைப்படாதீங்க அத்தை, பார்த்துடலாம்” என்கிறார் மருமகள்.

இந்தக் குடும்பம் தரைவழியே போனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கப்பலில் ஒரே அறை, ஒரே கட்டில். பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார். அத்தை போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே பனியாற்றைப் பார்க்கலாம். அவருக்கு இன்னொரு வாய்ப்பு வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. இவர்களுக்கு அலாஸ்காவின் கரையோரமும் கப்பலும்தான் பொருத்தம். டெனாலியை விட்டுவிடலாம்.

அப்போதும் கேட்க வேண்டியவை உண்டு. சில ஊர்களில் பெரிய கப்பல் கரையை அணைய முடியாமல் கடலிலேயே நங்கூரமிடும். பயணிகளைச் சிறு படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்புவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது சிரமம். அலை கூடினால் முடியாமலும் போகலாம். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கப்பல் மருத்துவரின் கட்டணம் அதிகம் என்பதால் பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறவே கூடாது. வான்கூவரிலிருந்து அலாஸ்கா போகிறவருக்கு கனடா, அமெரிக்கா இரு நாட்டு நுழைவு விதிகளும் பொருந்தும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கும் மலேசியக் கடப்பிதழுக்கும் அந்த விதிகள் ஒன்றல்ல.

ஆற்றில் போட்டாலும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். விளம்பரத்தில் உள்ள விலை அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். துறைமுகக் கட்டணம், வரி, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் சேவைக் கட்டணம், குளிர்பானம், இணையம், ஒவ்வொரு துறைமுகத்திலும் சுற்றிப் பார்க்கும் செலவு எல்லாம் பெரும்பாலும் தனி. தூர ஊரில் கப்பல் ஏறுகிறவர் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அந்த ஓர் இரவு விடுதிச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுத்தொகையை, கரையில் உண்மையில் கிடைக்கும் மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மலிவு எது என்பது தெரிந்துவிடும்.

கப்பலே போதும், ஊர் முக்கியமில்லை என்று நினைப்பதிலும் தவறில்லை. மூன்று தலைமுறை ஒன்றுகூட வேண்டும், யாரும் சமைக்க வேண்டாம், யாரும் கார் ஓட்ட வேண்டாம் என்றால் மூன்று இரவுக் கடல் பயணம் நல்ல விடுமுறைதான். அப்படிப் போகிறவர் அதைத் தெரிந்தே போக வேண்டும். தாய்லாந்தைப் பார்த்துவிட்டோம் என்று மட்டும் எண்ணிக்கொள்ளக் கூடாது.

கரையில் வாழ்பவர்கள்

இறுதியாக, போய் இறங்கும் ஊரின் மக்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஜூனோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 32,000. 2023இல் அங்கே கப்பலில் வந்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். நெரிசல் தாங்காமல், ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்ற வரம்பு 2024இல் நடப்புக்கு வந்தது. 2026 முதல் பயணிகள் படுக்கை எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்க உடன்பாடு கண்டார்கள். நாளொன்றுக்கு 16,000, சனிக்கிழமைகளில் 12,000. சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது மக்கள் அதை நிராகரித்தார்கள். கப்பல் வருமானத்தை நம்பி அங்கே பல குடும்பங்கள் வாழ்கின்றன. கூட்டமும் வேண்டாம், பிழைப்பும் போகக்கூடாது என்பது அவர்களின் நிலை.

கப்பலில் சாப்பிட்டு, கப்பலில் தூங்கி, கரையில் படம் மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவரால் ஊருக்கு அதிகம் பயனில்லை. ஒரு வேளை உணவை உள்ளூர்க் கடையில் சாப்பிடுவதும், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதும் எல்லாராலும் முடிந்த காரியம்.

நேயர்களே, பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். பார்க்க விரும்புவது நீரோரத்தில் இருக்கிறதா? துறைமுகத்திலிருந்து அது எவ்வளவு தூரம், கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? அந்த ஊரின் இரவும் வேண்டுமா? உடன் வருபவரின் உடல்நிலைக்கு எது ஏற்றது? நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு விலைப்பட்டியலைத் திறந்தால் போதும்.